உங்களுக்குத் தெரியுமா? ஃபோர்க்லிஃப்டும் கட்டைவிரலின் விலையும்

● ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எந்தக் குடோனுக்குள் நுழைந்தாலும் முன்னால் இரண்டு இரும்பு ஃபோர்க்கை நீட்டியபடி ஓடும் அந்தச் சின்ன வண்டியைப் பார்க்கலாம். பார்வைக்குத்தான் சின்னது. இரண்டரை டன் தூக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்டின் சொந்த எடை மூன்றரை டன்னுக்கு மேல். நான்கு ஆல்ட்டோ கார்களைச் சேர்த்து நிறுத்தாலும் அதற்கு ஈடாகாது. முன்னால் தூக்கும் சரக்கு வண்டியைக் குப்புறத் தள்ளிவிடாமல் இருக்க, பின்பக்கம் முழுக்க இரும்பை வார்த்து வைத்திருக்கிறார்கள். 'சும்மா கால்ல லேசா ஏறிடுச்சு சார்' என்று சூபர்வைசர் போனில் சொல்லும்போது, அந்த 'லேசா'வின் எடை இதுதான்.

● இந்த வண்டியின் மூதாதை 1917-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கிளார்க் நிறுவனத்தில் பிறந்தது. சொந்தத் தொழிற்சாலைக்குள் சாமான் இழுப்பதற்காகச் செய்துகொண்டது. வந்து பார்த்தவர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டதால் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் ராணுவச் சரக்கை பேலட் எனும் சரக்குத் தட்டில் அடுக்கி ஏற்றும் பழக்கம் பரவியபோது, ஃபோர்க்லிஃப்டும் கூடவே உலகம் சுற்றியது.

● கார் ஓட்டத் தெரிந்தவர் ஃபோர்க்லிஃப்டும் ஓட்டிவிடுவார் என்று நினைப்பது ஆபத்து. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இதில் திரும்புவது பின்சக்கரம். முன்பக்கம் நின்ற இடத்திலேயே இருக்க, பின்பக்கம் வெளியே வீசும். பக்கத்தில் நின்று சரக்கு எண்ணிக்கொண்டிருப்பவரின் இடுப்பை அடிப்பது பெரும்பாலும் அந்தப் பின்பக்கம்தான். வண்டி தன்னைத் தாண்டிப் போய்விட்டது என்று அவர் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் அடி விழும்.

● வண்டி கவிழும்போது குதிக்கக் கூடாது. குதித்துத் தப்பலாம் என்றுதான் உடம்பு சொல்லும். ஆனால் குதிப்பவர் விழும் இடத்திலேயே தலைக்கு மேலுள்ள இரும்புக் கூண்டும் வந்து விழுகிறது. உட்கார்ந்து ஓட்டும் வண்டியானால் செய்ய வேண்டியது இது: பெல்ட்டோடு சீட்டிலேயே இருங்கள், ஸ்டீயரிங்கை இறுகப் பிடியுங்கள், காலை ஊன்றுங்கள், வண்டி சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடலைச் சாயுங்கள். சீட் பெல்ட்டைச் சீட்டுக்கடியில் செருகிவைத்துவிட்டு ஓட்டும் ஆபரேட்டர்கள் இதை இன்னொரு முறை படிக்கலாம்.

● அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1999-இல் விடுத்த எச்சரிக்கைப்படி, அந்த நாட்டில் ஃபோர்க்லிஃப்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பேர் இறந்தார்கள், 20,000 பேர் பலத்த காயம்பட்டார்கள். சாவுகளில் 22 சதவீதம் வண்டி கவிழ்ந்ததால். 20 சதவீதம், நடந்துகொண்டிருந்தவர்மேல் மோதியதால். அதாவது வண்டிக்கு வெளியே, தரையில் இருந்தவர்மேல் மோதிய சாவு ஐந்தில் ஒரு பங்கு.

● வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் '2500 கிலோ' என்று போட்டிருந்தால், எந்தச் சரக்கையும் 2500 கிலோ தூக்கலாம் என்று பொருள் இல்லை. சரக்கின் எடைமையம் ஃபோர்க்கின் அடியிலிருந்து 500 மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தால்தான் அந்தக் கணக்கு. சரக்கு நீளமானால், உயரத் தூக்கினால், தூக்கும் திறன் குறையும். இது தெரியாமல் 'இந்தப் பேலட்டையும் மேல வச்சு ஒரே நடையா எடுத்துடுப்பா' என்பார்கள். பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். அதற்கும் ஒரு வைத்தியம் உண்டு: இரண்டு பேரைப் பின்னால் ஏற்றி நிறுத்துவது! மனிதனை எடைக்கல்லாக வைக்கவே கூடாது.

● ஃபோர்க்கில் வெறும் பேலட்டை வைத்து, அதில் ஆளை ஏற்றி, டியூப்லைட் மாற்ற மேலே தூக்குவது இன்னொரு வழக்கம். ஏணி எடுத்துவரச் சோம்பல். ஆள் தூக்க வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த, கம்பித்தடுப்புள்ள கூண்டு வேண்டும். வெறும் பேலட்டில் ஏறச் சொன்னால் மறுக்கலாம்.

● சரிவில் இறங்கும்போது சரக்கு ஏற்றிய வண்டி பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். ஏறும்போது முன்னோக்கி. எப்படியானாலும் சரக்கு மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும் என்பதே விதி.

● விரல் துண்டாகிவிட்டதா? அதை நேரடியாக ஐஸில் போடாதீர்கள், திசு கருகிவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து ஆளோடு கொண்டுபோங்கள். கைக்கு மட்டுமே தனியாக ஒரு சிகிச்சைப் பிரிவு சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருக்கிறது. டாக்டர் ஆர்.வெங்கடசாமி வளர்த்தெடுத்த பிரிவு அது. வடசென்னைத் தொழிற்சாலைகளில் நசுங்கிய எத்தனையோ கைகள் அங்கே வந்துசேர்ந்திருக்கின்றன.

● இப்போது முக்கியமான ஒன்று. காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் வழியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: 'பைக்ல இருந்து விழுந்தேன்னு சொல்லிடு. செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும்.' வலியில் இருப்பவர், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர், அப்படியே சொல்லிவிடுவார். அவசரப் பிரிவில் டாக்டர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். நம்மூரில் 'ஏ.ஆர். காப்பி' என்கிறோமே, அதுதான். பிறகு ஆறு மாதம் கழித்து, கம்பெனி கைவிட்ட பின், நஷ்டஈடு கேட்டுப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். 'இவரே சொல்லியிருக்கிறாரே, பைக் விபத்து என்று!' என் பார்வையில், வண்டி ஏறியதைவிடத் தொழிலாளியை அதிகம் நசுக்குவது இந்த ஒரு வரி. யார் என்ன சொல்லிக்கொடுத்தாலும், டாக்டரிடம் நடந்த இடம், நேரம், மோதிய வண்டி மூன்றையும் உள்ளபடி சொல்லி எழுத வையுங்கள். காயம்பட்டவர் பேசும் நிலையில் இல்லையென்றால் கூடப் போகும் நண்பர் சொல்லட்டும்.

● தொழிற்சாலையில் நடந்த விபத்தால் ஒருவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால், நிர்வாகம் அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த விதி. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். நிர்வாகம் சொல்லாவிட்டால் தொழிலாளியோ சங்கமோ எழுதிப் போடலாம்.

● 'உன் கவனக்குறைவுதானே?' என்று கேட்டால் வாயடைத்துப் போக வேண்டாம். வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் நஷ்டஈடு உண்டு. முதலாளியின் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, தொழிலாளி கொஞ்சம் அசந்திருந்தாலும் உரிமை போகாது. குடித்திருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய மூன்று தவறுகள்தான் விலக்கு. சாவு அல்லது நிரந்தர முழு ஊனம் என்றால் இந்த மூன்றையும்கூடக் காரணம் காட்ட முடியாது. இதன் அடித்தளம் வெள்ளைக்காரன் காலத்தில், 1923-இல் எழுதிய சட்டம் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும்.

● அந்த 1923 சட்டம், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (இ.எஸ்.ஐ.) சட்டம் எல்லாம் இப்போது 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. 2025 நவம்பர் 21 முதல் அது அமலில் இருக்கிறது. பெயர் மாறினாலும் நஷ்டஈட்டின் அடிப்படைக் கணக்கு பழையதுதான்.

● கணக்கு எப்படி? மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய ஒரு எண்ணால் பெருக்கினால் சாவுக்கான தொகை. 60 சதவீதத்தைப் பெருக்கினால் நிரந்தர முழு ஊனத்துக்கான தொகை. 30 வயதுக்கு அந்த எண் 207.98. 50 வயதுக்கு 153.09. சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 15,000 என்றே எடுத்துக்கொள்வார்கள். 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு அது. ஆக, மாதம் 24,000 ரூபாய் வாங்கும் 30 வயது ஆபரேட்டர் இறந்தால் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். வேலையே செய்ய முடியாதபடி ஆகிவிட்டால் 18,71,820 ரூபாய். இதற்கு மேல் மருத்துவச் செலவு தனி. 24,000 வாங்குபவரை 15,000 வாங்குபவராகப் பார்ப்பது என்ன நியாயம் என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

● உறுப்புக்கு உறுப்பு சதவீதமும் அட்டவணையில் இருக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம். மற்றது நன்றாக இருந்து ஒரு கண் மட்டும் போனால் 40. ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12. காலின் பெருவிரலுக்கும் 14தான். மேலே சொன்ன ஆபரேட்டரின் கட்டைவிரலுக்கு 5,61,546 ரூபாய், கால் பெருவிரலுக்கு ஏறக்குறைய 2,62,000. அதே கட்டைவிரல் 50 வயதுக்காரருடையது என்றால் 4,13,343. இந்தத் தொகைகளை மனதில் வைத்துக்கொண்டு, 'இருபதாயிரம் வச்சுக்க, ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு' என்பதை நினைத்துப் பாருங்கள்.

● அட்டவணைச் சதவீதம் கடைசி வார்த்தை இல்லை. ஒடிசாவில் ஒரு தச்சர் கீழே விழுந்து, அவருடைய இடது கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. 'ஒரு கைதானே போச்சு' என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே சம்பாதிக்கும் திறன் 100 சதவீதமும் போய்விட்டது என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நடந்த நாளிலேயே நஷ்டஈடு கொடுபடத் தகுந்ததாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே, காயத்தோடு அவர் செய்துவந்த வேலையும் கணக்கில் வரும். பெடலை மிதிக்க முடியாத கால் ஒரு கிளார்க்குக்கு ஒரு மாதிரி, ஆபரேட்டருக்கு வேறு மாதிரி. வழக்கில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும், தானாக நடக்காது.

● ஒரு மாதத்துக்குள் தராமல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி. இழுத்ததற்குத் தகுந்த காரணம் இல்லையென்றால் நஷ்டஈட்டுத் தொகையில் பாதிவரை அபராதமும் சேரும்.

● சாவுக்கான தொகையை முதலாளி நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் சட்டத்தின் கண்ணில் அது நஷ்டஈடே இல்லை. நஷ்டஈட்டை விசாரிக்கும் அதிகாரியிடம் கட்டித்தான் குடும்பத்துக்குப் போக வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலையோடு வந்து கவரை நீட்டிக் கையெழுத்து வாங்குபவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 'இனி எனக்கு எந்த உரிமையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது. காயத்துக்குச் சமரசமாகப் பேசி முடித்தாலும் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், தொகை குறைவு என்று தோன்றினால் அதிகாரி மறுக்கலாம். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடவே வேண்டாம். செல்லாது என்று நிரூபிக்கவே ஓராண்டு ஓடிவிடும்.

● 'நீ எங்க ஆளே இல்ல, காண்ட்ராக்டர்கிட்ட கேளு.' இது அடுத்த வசனம். காண்ட்ராக்ட் தொழிலாளிக்குத் தலைமை முதலாளியே நஷ்டஈடு தரக் கடமைப்பட்டவர். கொடுத்துவிட்டு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு. நீங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பந்தாக வேண்டியதில்லை. அதே குடோனில் வேலை பார்த்ததற்கு ஆதாரம் வேண்டும்: கேட் பாஸ், அடையாள அட்டை, சம்பளம் வந்த பேங்க் கணக்கு, டியூட்டி போட்ட வாட்ஸ்ஆப் தகவல்கூடப் போதும்.

● மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் பெரும்பாலும் நீங்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவீர்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். வேலையில் அடிபட்டால் இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே ஃபோர்க்லிஃப்ட் மோதினாலும் உரிமை உண்டு. சிகிச்சை இலவசம். வேலைக்குப் போக முடியாத நாள்வரை சம்பளத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் வரும். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு எத்தனை சதவீதம் என்று நிர்ணயிக்கும், அந்த விகிதத்தில் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம். திரும்பவும் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் அது நிற்காது. இதை அறியாமல் குழுவின் முன் போகாமலே விட்டவர்கள் எத்தனையோ பேர். இ.எஸ்.ஐ.யில் பெறுபவர் முன்சொன்ன பெருக்கல் கணக்கு நஷ்டஈட்டையும் கேட்க முடியாது, ஒன்றுதான்.

● சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்துவிட்டு, கட்டாமல் விட்டிருக்கிறார்களா? அதற்காக உங்கள் பலன் போகாது. இ.எஸ்.ஐ. கழகம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க சட்டத்தில் வழி இருக்கிறது. அடிபட்டு இ.எஸ்.ஐ. பணம் பெறும் காலத்தில் வேலையைவிட்டு நீக்கவும் கூடாது.

● ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலை விபத்துதான். இ.எஸ்.ஐ.யில் இது 2010 முதல் இருக்கிறது. புதிய தொகுப்புச் சட்டம் இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கும் இதை விரித்திருக்கிறது.

● தொழிற்சாலை வளாகத்துக்குள் மட்டுமே ஓடும்படி அமைந்த சிறப்பு வண்டி, மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் மோட்டார் வாகனமே அல்ல. ரோட்டில் நிற்கும் லாரியில் சரக்கேற்ற ஃபோர்க்லிஃப்ட் கேட்டைத் தாண்டி வந்தால் நிலைமை வேறு. மோட்டார் வாகன விபத்து வழக்காகவும் போட வாய்ப்பு வரும். ஆனால் அந்த வழி, தொழிலாளர் நஷ்டஈட்டு வழி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதில் கூடுதல் கிடைக்கும் என்பதை வக்கீலிடம் கேட்ட பிறகே முதல் மனுவில் கையெழுத்திடுங்கள்.

● பீகாரிலிருந்து வந்து ஒரகடத்தில் இறந்தவரின் மனைவி வழக்குக்காகக் காஞ்சிபுரம் வந்து அலைய வேண்டியதில்லை. தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கேட்கலாம். அதேபோல, புனேயிலோ சூரத்திலோ வேலை பார்த்து இறந்த தமிழரின் குடும்பம் மதுரையிலோ திருநெல்வேலியிலோ மனுப் போடலாம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் கேட்டுவிட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதிகாரி ஏற்றுக்கொள்ளலாம் என்றாலும் அதை நம்பி உட்கார வேண்டாம்.

● சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு: அங்கே உள்ள வேலைக்காய நஷ்டஈட்டுச் சட்டத்திலும் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வக்கீல் வைக்கவும் தேவையில்லை. உடலுழைப்பு வேலைக்காரர்களுக்கு இன்சூரன்ஸ் எடுப்பது முதலாளியின் கடமை. மருத்துவ விடுப்பில் முதல் 14 நாளுக்கு (மருத்துவமனையில் படுத்திருந்தால் 60 நாளுக்கு) முழுச் சம்பளம், பிறகு ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. பெர்மிட்டை ரத்து செய்துவிட்டாலும் உரிமை ரத்தாகாது. ஓராண்டுக்குள் கோர வேண்டும். மலேசியாவில் 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்ஸோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் கீழ் வந்துவிட்டார்கள்.

● பாதுகாப்பு விதியை மீறியதால் ஒருவர் இறந்தால், புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத பங்கைக் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம். முன்பெல்லாம் அபராதம் பெரும்பாலும் அரசுக் கஜானாவுக்கே போய்க்கொண்டிருந்தது. நல்ல மாற்றம். எத்தனை நீதிமன்றங்கள் அப்படிச் சொல்லப்போகின்றன என்பதில்தான் அதன் மதிப்பு.

● உங்களுக்கு என்னென்ன நஷ்டஈட்டு உரிமை உண்டு என்பதை, வேலைக்குச் சேரும்போதே உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தருவது முதலாளியின் கடமை. 2017-இல் வந்த திருத்தம் இது, பழைய சட்டப்படி மீறினால் 50,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதம் இருந்தது. அப்படி ஒரு தாளைக் கையில் வாங்கியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

● வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். நாடு முழுவதுக்கும் இலவச அழைப்பு எண் 15100. அதோடு இன்றைக்கே உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து, அதில் பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் பிடித்துவிட்டு எண் தரவில்லை என்றால் நாளைக்கே கேளுங்கள், அடிபட்ட பிறகு கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.